மீன் வயலேறும் வழி: வெள்ளச் சமவெளி மீட்பு என்றால் என்ன?

ஆற்றை மீட்கிறோம் என்று யாராவது கிளம்பினால் பெரும்பாலும் மூன்று வேலைகளில் ஒன்று நடக்கும். ஹிட்டாச்சி இறக்கித் தூர்வாருவார்கள். இரு கரையிலும் கருங்கல் சுவர் கட்டுவார்கள். இல்லையென்றால் கரையோரமாக வரிசையாக மரக்கன்று நடுவார்கள். மூன்றுக்கும் அதனதன் தேவை உண்டு. ஆனால் "ஆத்துல மீனே இல்லாமப் போச்சே" என்ற கவலைக்கு மூன்றுமே மருந்தல்ல. முதல் இரண்டும் பல இடங்களில் நோயை முற்றவைக்கின்றன.

காரணம் இதுதான். கேரளத்துப் பாலக்காட்டுச் சித்தூர்ப் புழையில் (புழை என்றால் ஆறு) பிடிபடும் நாட்டு மீன்களில் பல, புழைக்குள் பிறப்பவை அல்ல. கரை தாண்டி வெள்ளம் ஏறி நிற்கிற வயலிலும் தாழ்ந்த புல்தரையிலும் பிறந்து, ஓரளவு வளர்ந்து, பிறகு புழைக்கு வருபவை. அந்த வயலையும் புல்தரையையும் ஆற்றிலிருந்து பிரித்துவிட்டு ஆற்றை மட்டும் எவ்வளவு சுத்தம் செய்தாலும் மீன் திரும்பாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்து விவசாயிகளும் பஞ்சாயத்துக்காரர்களும் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால், செலவழிக்கும் பணம் சரியான இடத்துக்குப் போகும்.

ஆறு எதுவரை?

தண்ணீர் எப்போதும் ஓடுகிற பள்ளத்தை ஆறு என்கிறோம். அது ஆற்றின் ஒரு பகுதிதான். மழைக்காலத்தில் ஆறு நிரம்பிப் பக்கவாட்டில் பரவி, சில நாளோ சில வாரமோ நின்று வடிகிற தட்டையான நிலம் இன்னொரு பகுதி. அதற்குப் பெயர் வெள்ளச் சமவெளி. அதன் மண்ணே ஆறு கொண்டுவந்து போட்ட மண்தான்.

ஆனைமலையிலிருந்து இறங்கும் ஆழியாறும் பாலாறும் மாநில எல்லை தாண்டிச் சித்தூர்ப் புழையாகின்றன. கண்ணாடிப் புழை என்றும் அதைச் சொல்கிறோம். பறளியில் கல்பாத்திப் புழையோடு சேர்ந்து பாரதப் புழையாகி, பொன்னானியில் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் 209 கிலோமீட்டர். கிழக்கே நம் பக்கம் வெள்ளச் சமவெளி ஒடுக்கமானது. பட்டாம்பி தாண்டினால் அகலும். ஒடுக்கமாக இருப்பதாலேயே நம் பக்கம் அது இருப்பதே கண்ணில் படாமல், தென்னந்தோப்பும் வேலியும் புழையின் விளிம்புவரை வந்துவிட்டன.

எது வெள்ளச் சமவெளி என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. வெள்ளம் வடிந்ததும் வேலியிலும் மரத்திலும் சருகும் பிளாஸ்டிக்கும் சிக்கிய கோட்டைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் ஆழம் குழி தோண்டிப் பார்த்தால் மணலும் வண்டலும் மாறி மாறி அடுக்காக இருக்கும். மேட்டு நிலமென்றால் ஒரே சீரான செம்மண்ணோ சரளையோ வரும். கிராம நில அளவை வரைபடத்தில் வளைந்து வளைந்து ஓடும் புறம்போக்குத் துண்டுகள் பெரும்பாலும் ஆற்றின் பழைய தடங்கள்.

தாய் வீடு

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். அது நல்லபடி நடக்க நான்கு விஷயம் கூடிவர வேண்டும். போகிற வழி திறந்திருக்க வேண்டும். சரியான மாதத்தில் போக வேண்டும். அங்கே தாய்க்கும் பிள்ளைக்கும் சாப்பாடு இருக்க வேண்டும். பிள்ளை தேறியதும் திரும்பி வர வழி இருக்க வேண்டும். மீனுக்கு வெள்ளச் சமவெளி அப்படித்தான். வழி, நேரம், உணவு, திரும்பும் வழி ஆகிய நான்கில் ஒன்று தவறினாலும் அந்த ஆண்டின் குஞ்சு போயிற்று.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கி, முதல் புதுவெள்ளம் கலங்கலாக வரும்போது மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஓடைகளிலும் வயல்களிலும் ஏறுவதைப் பார்த்திருப்போம். நாம் ஏத்துமீன் என்பதும் மலையாளத்தில் ஊத்த என்பதும் இதைத்தான். வாளையும் கெளுத்தியும் ஆற்றிலிருந்து ஏறும். பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் செவுள்மூடியை ஊன்றி நகர்ந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். விரால் ஆழமில்லாத, செடி அடர்ந்த இடத்தில் முட்டையிடும். ஓரிரு நாளில் குஞ்சு பொரிந்ததும், சிவப்புத் திட்டுப்போல நீர்மட்டத்தில் அலையும் குஞ்சுக்கூட்டத்துக்குக் கீழேயே தாய்தந்தை மீன்கள் காவலாகச் சுற்றும். பக்கத்தில் தவளை வந்தால் பாய்ந்து விரட்டும். வேகமாக ஓடுகிற ஆற்றுக்குள் இந்தக் குடித்தனம் நடக்காது.

வயல்நீரில் அப்படி என்ன இருக்கிறது?

வெயிலில் காய்ந்து கிடந்த மண்ணில் நீர் ஏறியதும், மண்ணில் அடைந்திருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைகின்றன. காய்ந்த புல்லும் சருகும் அழுகத் தொடங்குகின்றன. அதைத் தின்று பாக்டீரியா பெருகும்; ஆழமில்லாத நீரில் வெயில் தரைவரை படுவதால் பாசி பெருகும். இவற்றைத் தின்ன, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் சிறு விலங்குகள் பெருகும். நீரில் மிதந்து வாழும் இந்த நுண்ணிய பாசிக்கும் விலங்குக்கும் சேர்த்து மிதவை உயிர்கள் என்று பெயர்.

பெருகும் வரிசைதான் இதில் முக்கியம். முதல் வாரத்துக்குள் ரோட்டிஃபர் என்ற, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு அளவுள்ள உயிர்கள் வரும். அடுத்த வாரத்தில் நீர்த்தெள்ளு வரும். அதை வெள்ளைத் தட்டில் நீர் மொண்டு பார்த்தால் துள்ளுவது தெரியும். அப்போதுதான் பொரிந்த குஞ்சின் வாய்க்கு ரோட்டிஃபர் அளவு. பத்து நாள் வளர்ந்த குஞ்சின் வாய்க்கு நீர்த்தெள்ளு அளவு. குஞ்சு வளர வளர இரையும் அதே வேகத்தில் பெரிதாகிறது. ஓடும் ஆற்றுநீரில் இந்த உயிர்கள் பெருகும் முன்பே அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆண்டுதோறும் வெள்ளம் ஏறி, நின்று, வடிகிற இந்தத் தாளத்துக்கு வெள்ளத் துடிப்பு என்று பெயர். அமேசான் பகுதியில் ஆய்வு செய்த வோல்ஃப்காங் யுங்க் மற்ற இருவரோடு சேர்ந்து 1989-இல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார். ஆற்றுக்கும் அதன் பக்கத்து நிலத்துக்கும் நடுவே நீரும் மீனும் போய்வரும் உறவு பக்கத் தொடர்பு எனப்படும். கலிஃபோர்னியாவில் யோலோ என்ற வெள்ள வடிகால் நிலத்தில் வளர்ந்த இளம் சால்மன் மீன்கள், பக்கத்து ஆற்றிலேயே வளர்ந்தவற்றைவிட வேகமாகப் பெருத்ததை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துச் சொன்னால்: வெள்ளச் சமவெளி மீனுக்குப் பேறுகால வீடு, அதை வீடாக்குவது வெள்ளத் துடிப்பு, வீட்டுக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள கதவு பக்கத் தொடர்பு. மீட்பு என்பது இந்தக் கதவைத் திறந்து, சரியான காலத்தில் சரியான நாள் கணக்குக்குத் திறந்தே வைப்பது.

கதவு எப்படி அடைபட்டது?

மணல் எடுத்ததுதான் முதல் காரணம். ஆற்றின் அடித்தரை ஒரு மீட்டர் இறங்கினால், அதே அளவு தண்ணீர் வந்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தே ஓடும். முன்பு ஆண்டுதோறும் வயலேறிய வெள்ளம் இனி பெருவெள்ளத்தில் மட்டுமே ஏறும். ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் எடுப்பைக் கட்டுப்படுத்தவும் கேரளம் 2001-இலேயே சட்டம் போட்டது. ஆனால் அதற்கு முன்பே பள்ளமான இடம் தானாக மேடாவதில்லை. இப்போது தூர்வாருவதை ஏன் நோயை முற்றவைக்கும் வேலை என்கிறேன் என்பது புரியும். ஏற்கெனவே தாழ்ந்துவிட்ட ஆற்றை இன்னும் ஆழப்படுத்தினால் வயலுக்கும் ஆற்றுக்கும் உள்ள இடைவெளிதான் கூடும்.

கரையை உயர்த்தி மண்ணணையோ சுவரோ கட்டியது அடுத்த காரணம். தடுப்பணை இன்னொன்று: நீரைத் தேக்குகிறது, நல்லது, ஆனால் செங்குத்தாக ஒரு மீட்டர் நிற்கும் கான்கிரீட்டைக் கெளுத்தி தாண்டாது.

கடைசிக் காரணம் நேரம். ஆழியாற்றுத் தண்ணீரில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு என்று 1970-ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் சொல்கிறது. மணக்கடவில் அதை அளக்கிறார்கள். அந்தக் கணக்கு மொத்த அளவைப் பற்றியது. மீனுக்கு மொத்த அளவு முக்கியமில்லை. எந்த மாதம், எத்தனை நாள் தொடர்ந்து என்பதே முக்கியம். பயிருக்கென்று சீராகப் பிரித்து விடும் தண்ணீர் ஒருநாளும் கரை தொடாது.

எவ்வளவு தண்ணீர் தேவை?

இங்கேதான் பலரும் பயப்படுகிறார்கள். குடிநீருக்கே தட்டுப்பாடு, மீனுக்கு விடுவதா என்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ஏக்கர் நிலத்தில் ஒன்றரை அடி நீர் நிறுத்த 6,53,400 கன அடி வேண்டும். வினாடிக்கு 10 கன அடி உள்ளே விட்டால் சுமார் 18 மணி நேரத்தில் நிறையும். ஊறலும் ஆவியாதலும் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் நான்கு வாரத்துக்கு இன்னும் 28 சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும். மொத்தம் சுமார் 10.5 லட்சம் கன அடி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. அதில் ஏறக்குறைய 950-இல் ஒரு பங்கு. இதிலும் ஊறியது கிணறுகளுக்குப் போகிறது, மிஞ்சியது புழைக்கே திரும்புகிறது.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

மட்டம் பார்ப்பதே முதல் வேலை. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். ஆற்றின் அடித்தரை, சாதாரண மழைக்கால நீர்மட்டம், கரையின் உச்சி, வயலின் தாழ்ந்த புள்ளி, உயர்ந்த புள்ளி ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஆண்டுக்கொரு முறையாவது வருகிற வெள்ளத்தின் மட்டத்துக்குக் கீழே வயல் இருந்தால் கரையைத் திறந்தாலே போதும். அதைவிட வயல் அரை மீட்டர் மேலே இருந்தால் நிலத்தைச் செதுக்கித் தாழ்த்த வேண்டும், அல்லது ஆற்றில் தாழ்வான கல்வரப்பு போட்டு மணல் படியவைத்து அடித்தரையை உயர்த்த வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் இடைவெளி என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடுவதே நல்லது. மண் வெட்டும் செலவே விழுங்கிவிடும்.

அடுத்த முடிவு, எந்தப் பக்கம் திறப்பது. பார்ப்பவர்களுக்கு, ஆறு வரும் திசையிலுள்ள மேல்முனையில் திறந்தால் தண்ணீர் தானாக வயல் வழியாக ஓடுமே என்று தோன்றும். முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். மேல்முனையில் நுழையும் வெள்ளம் வேகமாக வரும், மணலைக் கொண்டுவந்து கொட்டும், பெருவெள்ளத்தில் ஆறே வயல் வழியாகப் புதுத்தடம் பிடித்துவிடும். கீழ்முனையில் திறந்தால் நீர் பின்னோக்கித் தேங்கி மெதுவாக ஏறும். வண்டல் மட்டும் படியும். மீனும் அதே வாயில் வழியாக ஏறும், அதே வாயில் வழியாக இறங்கும்.

சின்ன ஓடைக்கு வாயில் ஐந்து மீட்டர் அகலம் இருந்தால் நன்று. சரிவு ஒரு அடி இறங்க ஐந்தடி நீளமாவது இருக்கட்டும். செங்குத்தாக வெட்டினால் முதல் வெள்ளத்திலேயே இடியும். வாயிலின் அடியில் தலையளவு கற்களைப் புதைத்து, சரிவில் கயிற்றுப்பாய் விரித்து, வெட்டிவேரும் கோரையும் நட வேண்டும். மண் வெட்டும்போது மேல்மண் 15 சென்டிமீட்டரைத் தனியாகக் குவித்துவைத்து, வேலை முடிந்ததும் மேலே பரப்புங்கள். புல்விதையும், வறட்சியைத் தாங்கி உறங்கும் மிதவை உயிர்களின் முட்டையும் அந்த மண்ணில்தான் இருக்கின்றன. லாரியில் ஏற்றி விற்றுவிட்டால் இரண்டும் போய்விடும்.

மரம் வேண்டும்தான். நீர்மருது, நீர்க்கடம்பு, நாவல், புங்கை எல்லாம் கரை விளிம்பில். நடுவயலில் வேண்டாம், வெயில் படும் திறந்த புல்தரைதான் அங்கே தேவை.

திரும்பும் வழி

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், மீட்பு என்ற பெயரில் தோண்டிய பல இடங்கள் மீனுக்குப் பொறியாக முடிவது இந்த ஒரு குறையால்தான். தண்ணீர் ஏறுகிறது, குஞ்சு பொரிகிறது, எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். நீர் வடியும்போது வயலின் நடுவிலுள்ள குழிகளில் குஞ்சு தங்கிவிடும். நான்கு நாள் வெயிலில் குழி சூடேறும், கொக்கும் நாரையும் இறங்கும், மீதி காய்ந்து சாகும்.

அதனால் நிலம் முழுவதும் வாயிலை நோக்கி லேசாகச் சரிய வேண்டும். 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவே போதும். வயலின் தாழ்ந்த கோட்டில் ஒரு மீட்டர் அகலமும், வயல் தரையைவிட 30 முதல் 45 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தாய்க்கால் ஒன்று வெட்ட வேண்டும். கிளைக்கால்கள் அதில் சேர வேண்டும். பலகை வைத்து நீரை நிறுத்தியிருந்தால், வடிக்கும்போது ஒரே நாளில் பலகையைப் பிடுங்கக் கூடாது. நாளுக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் என்ற கணக்கில் இறக்கினால் குஞ்சுக்கு நீர் இறங்குவது உறைக்கும், தாய்க்காலுக்கு ஒதுங்கும், வெளியேறும். நீர் நிற்கும் காலம் மூன்று வாரத்துக்குக் குறையாமல், ஆறு வாரம்வரை இருக்கலாம்.

நிலத்தில் பத்தில் ஒரு பங்கைக் கோடையிலும் வற்றாத இரண்டு மீட்டர் ஆழக் குட்டையாக விடலாம். தாய்க்கால் அதைத் தொட்டே போக வேண்டும். தனியாக நிற்கும் குட்டை மீன் வளர்க்க ஆகும், ஆற்றுக்கு ஆகாது.

எங்கே கெடும், ஏன்?

தண்ணீர் கறுத்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன என்றால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது. நீர் ஏறும் முன் வயலில் தழை அதிகமாகக் கிடந்ததுதான் காரணம்; அத்தனையும் ஒரே சமயத்தில் அழுகுகிறது. மே மாதத்திலேயே புல்லை வெட்டி மாட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கணுக்கால் உயரம் மட்டும் விடுங்கள். அந்த நிலை வந்துவிட்டால், வாயிலை முழுதாகத் திறந்து புதுநீர் கலக்க விடுவது தவிர வேறு வழியில்லை.

ஆகாயத்தாமரை மூடினால் வெயில் படாது, பாசி வராது, மொத்தச் சங்கிலியும் அறும். மழைக்கு முன் கையால் வாரி வெளியே போட வேண்டும். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில், அதாவது நம் பக்கம் சொல்கிற தொழிலுறப்பில், செய்யக்கூடிய வேலை இது. மேல்வயலில் அடிக்கும் பூச்சிமருந்து வடிந்து வந்தால் மீனுக்கு முன் நீர்த்தெள்ளு சாகும். அதனால் மேல்வயல்காரரிடம் பேசாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வளர்ப்பு மீன்கள் பெரிய ஆபத்து. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஜிலேபி மீனும் உள்ளே வந்தால் குஞ்சுக்கும் இரைக்கும் போட்டி. 2018 வெள்ளத்தில் கேரளத்துப் பண்ணைகளும் தொட்டிகளும் உடைந்து, தென்னமெரிக்க அரபைமாவும் வட அமெரிக்க அலிகேட்டர் காரும்கூட நம் ஆறுகளில் பிடிபட்டன. வெள்ளச் சமவெளிக்கு நூறு மீட்டருக்குள் மீன்பண்ணை இருந்தால் அதன் வரப்பைத்தான் முதலில் உயர்த்த வேண்டும்.

வெள்ளத்தை நாமே வீட்டுக்கு அழைப்பதா?

நியாயமான கேள்வி. பத்து ஏக்கரில் நிற்கும் சுமார் 18,500 கன மீட்டர் நீர் 2018 போன்ற வெள்ளத்தைத் தடுக்காது. தடுக்கும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஆனால் ஆற்று நெடுகிலும் இத்தகைய நிலங்கள் திறந்திருந்தால் வெள்ளத்தின் உச்சி தாழும், கீழே இருக்கும் ஊருக்கு நேரம் கிடைக்கும். நெதர்லாந்து இந்த எண்ணத்தில்தான் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளியும் சமவெளியைத் தாழ்த்தியும் ஆற்றுக்கு இடம் விட்டது. 2018-க்குப் பிறகு கேரளமும் அந்தத் திட்டத்தைப் போய்ப் பார்த்து வந்தது.

விட்டதைத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு செலவு என்பதற்கு ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமி ஆறு சாட்சி. வளைந்து வளைந்து 166 கிலோமீட்டர் ஓடிய அதை 1962 முதல் 1971 வரை 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக வெட்டினார்கள். குளிர்காலத்தில் வரும் நீர்ப்பறவைகள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. 1999-இல் கால்வாயை மூடத் தொடங்கி 2021-இல்தான் வேலை முடிந்தது. ஆற்றின் சுமார் 70 கிலோமீட்டரை மீட்டிருக்கிறார்கள்.

அனுமதியும் அளவும்

நெல்வயலையும் சதுப்பையும் நிரப்பக் கூடாது என்ற 2008-ஆம் ஆண்டுச் சட்டம் கேரளத்தில் நமக்குத் துணை. ஆனால் கரையைத் தாழ்த்த நீர்ப்பாசனத் துறையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகத்திலும் பஞ்சாயத்திலும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வயலும் அந்தப் பக்கம் கரையும் இருந்தால் இரண்டு மாநில அனுமதியும் தேவைப்படும். அதற்கே ஒரு பருவம் போகும்.

பலன் தெரிய, வயலில் ஏறிய மீனை எண்ணாதீர்கள். வெளியேறும் குஞ்சை எண்ணுங்கள். நீர் வடிக்கும் நாட்களில் வாயிலில் கொசுவலைத் துணியில் தைத்த பையை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் மட்டும் பிடித்து, எண்ணி, உடனே புழையில் விட வேண்டும். எந்த இனம், என்ன நீளம், அன்றைய நீர்மட்டம் மூன்றையும் எழுதினால் போதும். கரை திறப்பதற்கு முந்தைய ஆண்டே, பக்கத்து ஓடையில் இதே முறையில் ஒருமுறை எண்ணி வைத்திருந்தால்தான் ஒப்பிட ஏதாவது இருக்கும்.

ஏத்துமீன் காலத்தில் வாயிலில் பறி வைப்பதை ஊரே சேர்ந்து நிறுத்தியாக வேண்டும். ஏறும் மீனை வழிமறித்துப் பிடிப்பது கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம், 2010-இன்படி குற்றம். வயிறு நிறைய முட்டையோடு ஏறும் ஒரு வாளையைப் பிடித்தால் அந்த வாயிலுக்காக வெட்டிய மண், புதைத்த கல், நட்ட வெட்டிவேர் அத்தனையும் அன்றைக்கு ஒரு குழம்போடு முடிந்துபோகும். ஜூன் முதல் இரண்டு வாரம் இரவில் வாயிலுக்கு ஆள் போடுவதற்கான கூலியையும் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.